விண்டோஸ் 7-ஐ ஏற்காத கம்ப்யூட்டரில் நெட்வொர்க்கும் சத்தமும் வர வைப்பது எப்படி

விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ல் நிறுத்திவிட்டது. ஆனால் எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைன் அனுப்பும் மென்பொருள், பழைய ஃபிலிம் ஸ்கேனர், லேத் கன்ட்ரோலர் என்று அதில் மட்டுமே ஓடுகிறவை இன்னும் எத்தனையோ இருக்கின்றன. பழைய கம்ப்யூட்டர் போய்விட்டால், கிடைக்கிற புதிய பெட்டியில் 7-ஐ ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ஏற்றிய பிறகுதான் சிக்கலே தொடங்கும். டெஸ்க்டாப் வந்துவிடும், ஆனால் நெட் வராது, ஸ்பீக்கர் ஐகானில் சிவப்புப் பெருக்கல் குறி நிற்கும்.

இன்டெல் 6-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான கம்ப்யூட்டரில், விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1, 64 பிட் ஏற்றியவர்களுக்காக இதை எழுதுகிறோம். 32 பிட் என்றால் கீழே சொல்லும் கையொப்பச் சிக்கல் பெரும்பாலும் இருக்காது. மற்றதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை. டிரைவர் என்பது ஒரு சாதனத்தை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள். ‘எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் போடும்’ தொகுப்புகளைத் தொடாதீர்கள். அவை தோராயமாகப் பொருந்துகிற எதையாவது திணித்துவிடும். பிறகு எந்த டிரைவர் எங்கிருந்து வந்தது, எது எதைக் கெடுத்தது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. கையால் ஒவ்வொன்றாகப் போடுவதுதான் கடைசியில் நேரத்தை மிச்சப்படுத்தும்.

முதலில் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக் செய்து மேனேஜ், அதில் டிவைஸ் மேனேஜர். மஞ்சள் குறியுள்ள ஒவ்வொன்றையும் திறந்து இரண்டு விஷயங்களை எழுதிவையுங்கள். ஜெனரல் டேபில் உள்ள பிழை எண் ஒன்று. டீட்டெய்ல்ஸ் டேபில், கீழிறங்கும் பட்டியலில் ஹார்ட்வேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தால் வரும் நீளமான வரிகள் இன்னொன்று.

அந்த வரியில் ‘வென்’ (VEN) என்பதற்கு அடுத்த நான்கு எழுத்து, தயாரிப்பாளர். ‘டெவ்’ (DEV) என்பதற்கு அடுத்த நான்கு, சிப்பின் மாடல். 8086 என்றால் இன்டெல், 10இசி (10EC) ரியல்டெக், 14இ4 (14E4) பிராட்காம், 168சி (168C) அதெரோஸ் வைஃபை, 1969 அதெரோஸ் லேன். ‘சப்சிஸ்’ (SUBSYS) என்பதற்கு அடுத்த எட்டு எழுத்து, அந்த சிப்பை எந்த கம்பெனி எந்த மாடலில் பொருத்தியது என்பதைக் காட்டுகிறது. இந்தப் பகுதி பிறகு தேவைப்படும்.

பிழை எண்தான் எந்த வழியில் போக வேண்டும் என்று சொல்கிறது. 28 என்றால் டிரைவரே இல்லை, தேடிப் போட வேண்டும். 52 என்றால் டிரைவர் இருக்கிறது, அதன் டிஜிட்டல் கையொப்பத்தை விண்டோஸ் நம்பவில்லை. 39 என்றால் டிரைவர் கோப்பை நினைவகத்தில் ஏற்றவே முடியவில்லை. பெரும்பாலும் விண்டோஸ் 10-க்கு எழுதிய டிரைவரை 7-ல் திணித்ததால் வருவது. 10 என்றால் டிரைவர் ஏறிவிட்டது, சாதனத்தை எழுப்ப முடியவில்லை. 28-க்குச் செய்வதை 10-க்குச் செய்தால் ஒரு பலனும் இருக்காது. பலர் மாட்டிக்கொண்டு ஒரே டிரைவரைத் திரும்பத் திரும்பப் போடுவது இதனால்தான்.

வன்பொருளே பழுதோ என்று சந்தேகம் வந்தால், லினக்ஸ் லைவ் பென்டிரைவ் ஒன்றில் பூட் செய்து பாருங்கள். அதில் நெட்டும் சத்தமும் வந்தால் சிப் நன்றாக இருக்கிறது, பிரச்சினை விண்டோஸ் பக்கம்தான்.

யூஎஸ்பி என்ற முதல் தடை

சிப்செட் என்பது மதர்போர்டில் மற்ற பாகங்களை இணைக்கும் முக்கிய சிப். 2015-ல் வந்த 100 வரிசை சிப்செட்டிலிருந்து இன்டெல் பழைய யூஎஸ்பி 2.0 கன்ட்ரோலரை எடுத்துவிட்டது. எல்லா போர்ட்டும் யூஎஸ்பி 3.0 கன்ட்ரோலரின் கீழ் வந்துவிட்டன. விண்டோஸ் 7-ல் அதற்கான டிரைவர் உள்ளுக்குள் கிடையாது. ஆகவே பென்டிரைவ் தெரியாது, யூஎஸ்பி வைஃபை டாங்கிள் தெரியாது, டெஸ்க்டாப்பில் கீபோர்டும் மௌஸும் கூட உயிரிழந்து நிற்கும். நெட்வொர்க் டிரைவரைக் கொண்டுவர வழியில்லாத நிலை.

100, 200 வரிசை சிப்செட்களுக்கு இன்டெல்லின் அதிகாரப்பூர்வ விண்டோஸ் 7 யூஎஸ்பி 3.0 டிரைவர் உண்டு. நிறுவும் முன்பே அதை இன்ஸ்டாலர் படிமத்தில், அதாவது விண்டோஸ் 7 நிறுவும் கோப்புகளில், சேர்த்துவிடுவது நல்லது. பூட்.விம், இன்ஸ்டால்.விம் என்ற இரண்டு கோப்புகளிலும் சேர்க்க வேண்டும். முதலாவதில் மட்டும் சேர்த்தால் நிறுவும்போது மௌஸ் ஓடும், நிறுவி முடித்த பின் செத்துவிடும். 300 வரிசையிலிருந்து பெரும்பாலான சிப்செட்களுக்கு இன்டெல் விண்டோஸ் 7 டிரைவர் தரவில்லை.

ஏற்கெனவே நிறுவிவிட்டீர்கள் என்றால் வேறு வழிகள் இருக்கின்றன. பிஎஸ்/2 கீபோர்டு இந்த கன்ட்ரோலரை நம்பி இல்லை. லேப்டாப் கீபோர்டு பெரும்பாலும் உள்ளே பிஎஸ்/2 முறையில் இணைந்திருப்பதால் வேலை செய்யும். டச்பேடு செய்யாமல் போகலாம். சில மதர்போர்டு பயாஸில் விண்டோஸ் 7 நிறுவுவதற்கென்றே ஒரு ஆப்ஷன் இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். டிரைவர்களைக் கொண்டுவர சாட்டா டிவிடி டிரைவ் போதும். அல்லது ஹார்டு டிஸ்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி, டி டிரைவில் டிரைவர் கோப்புறைகளைக் காப்பி செய்துவிடுங்கள்.

கையொப்பத்துக்கான இரண்டு அப்டேட்கள்

2019-க்குப் பிறகு வந்த டிரைவர்கள் பெரும்பாலும் ஷா-2 என்ற புதிய முறையில் மட்டுமே கையொப்பமிடப்பட்டவை. வெறும் சர்வீஸ் பேக் 1 உள்ள விண்டோஸ் 7-க்கு அது புரியாது, பிழை 52 என்று சொல்லிவிடும். டிரைவரைக் குறை சொல்வதற்கு முன், கேபி (KB) என்று எண்ணிட்டு மைக்ரோசாஃப்ட் தந்த அப்டேட்களில் கேபி 4490628, பிறகு கேபி 4474419 இரண்டையும் இந்த வரிசையில் போட்டு, ரீஸ்டார்ட் செய்யுங்கள். இன்னொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் பக்கத்தில் எண்ணைத் தேடி, எக்ஸ்64 கோப்பை இறக்கிக் கொண்டுவரலாம். கூடவே கேபி 2685811-ஐயும் எடுத்துவையுங்கள். டிரைவர்கள் சார்ந்திருக்கும் கேஎம்டிஎஃப் என்ற அடித்தளத்தை அது 1.11-க்கு உயர்த்துகிறது. 2012-க்குப் பிந்தைய பல டிரைவர்கள் அது இல்லாமல் நிறுவப்படவே மறுக்கும்.

விண்டோஸ் அப்டேட் தானாகக் கொண்டுவரும் என்று காத்திருக்க வேண்டாம். 7-ஆம் தலைமுறை இன்டெல், ரைசன் போன்ற சிப்களில் விண்டோஸ் 7-க்கான அப்டேட் தேடலை மைக்ரோசாஃப்ட் 2017 ஏப்ரலிலேயே தடுத்துவிட்டது.

கம்ப்யூட்டர் தேதியும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சீமாஸ் பேட்டரி (மதர்போர்டில் உள்ள சிறிய பேட்டரி) தீர்ந்து தேதி பல ஆண்டு பின்னால் போயிருந்தால் இணையதளச் சான்றிதழ்கள் தவறாகத் தெரியும். நெட் வந்த பிறகும் எந்தப் பக்கமும் திறக்காது.

கேபிள் வழி நெட்

வைஃபையை விட லேன் எளிது, அதனால் அதில் தொடங்குங்கள்.

ரியல்டெக் 8168 என்றால் கவலையே இல்லை. ரியல்டெக்கின் விண்டோஸ் 7 தொகுப்பை இறக்கிப் போட்டால் வந்துவிடும். 2.5 ஜிகாபிட் 8125-க்கும் விண்டோஸ் 7 டிரைவர் உண்டு. இன்டெல் ஐ225 என்றால் அதிகாரப்பூர்வமாக ஒன்றும் இல்லை. அதோடு போராடுவதற்குப் பதில் 8168 சிப் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன் கார்டு ஒன்றை மாட்டிவிடுவது புத்திசாலித்தனம்.

இன்டெல் ஐ219-ல் ஒரு நுணுக்கம். இன்ஸ்டாலரை ஓட்டினால் ‘இன்டெல் அடாப்டர் எதுவும் இல்லை’ என்று சொல்லி வெளியேறிவிடக்கூடும். செவன்-ஜிப் கொண்டு அந்தத் தொகுப்பை விரித்து, புரோ1000 கோப்புறைக்குள் உள்ள வின்எக்ஸ்64-ஐத் திறங்கள். என்டிஐஎஸ்62, 63, 64, 65 என்று கோப்புறைகள் இருக்கும். 62 தான் விண்டோஸ் 7-க்கு உரியது. 63 விண்டோஸ் 8, 64 விண்டோஸ் 8.1, 65 விண்டோஸ் 10. டிவைஸ் மேனேஜரில் அப்டேட் டிரைவர் சாஃப்ட்வேர், பிரவுஸ் மை கம்ப்யூட்டர், லெட் மீ பிக், ஹேவ் டிஸ்க் என்று போய் 62-ஐக் காட்டுங்கள்.

டிரைவர் சரியாக ஏறியும் 169.254 என்று தொடங்கும் ஐபி வந்தால் ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். முதலில் போர்ட்டில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லையென்றால், குறிப்பாக அதே பெட்டியில் விண்டோஸ் 10-உம் இருந்தால், சிப் தூக்கத்திலேயே இருக்கலாம். பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து, அரை நிமிடம் கழித்துப் போட்டால் எழுந்துவிடும்.

அவசரத்துக்கு ஆண்ட்ராய்டு போனின் யூஎஸ்பி டெதரிங் கைகொடுக்கும். போனை இணைத்ததும் டிவைஸ் மேனேஜரில் ஆர்என்டிஐஎஸ் என்று மஞ்சள் குறியோடு ஒன்று வரும். அதில் லெட் மீ பிக், நெட்வொர்க் அடாப்டர்ஸ், மைக்ரோசாஃப்ட் கார்ப்பரேஷன், ரிமோட் என்டிஐஎஸ் பேஸ்டு இன்டர்நெட் ஷேரிங் டிவைஸ் என்று தேர்ந்தெடுங்கள். டிரைவர் விண்டோஸ் 7-க்குள்ளேயே இருக்கிறது, எதையும் இறக்க வேண்டாம். புதிய போன்கள் சில ஆர்என்டிஐஎஸ் முறையை விட்டு என்சிஎம் முறைக்கு மாறிவிட்டன, அவை இங்கே உதவாது. கொஞ்சம் பழைய போனை எடுத்துக்கொள்ளுங்கள்.

வைஃபை

இன்டெல் 7260, 7265, 8260, 8265 கார்டுகளுக்கு விண்டோஸ் 7 டிரைவர் இருக்கிறது. ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201-க்கு இல்லை. 201-ல் இன்னொரு சங்கடம்: வைஃபையின் பாதி வேலை கார்டில் இல்லை, சிப்செட்டுக்குள் இருக்கிறது. அதை வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்து ‘கார்டு பழுது’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது உட்காரும் எம்.2 ஸ்லாட்டில் 8265 கார்டு வேலை செய்யுமா என்பது போர்டைப் பொறுத்தது. அந்த ஸ்லாட்டுக்குப் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பும் கொடுத்திருந்தால்தான் செய்யும். வாங்குவதற்கு முன் மதர்போர்டு மேனுவலில் பாருங்கள்.

டிரைவர் ஏறிய பிறகும் வீட்டு ரூட்டரின் பெயரே பட்டியலில் வரவில்லை, பக்கத்து வீட்டுப் பெயர்கள் மட்டும் வருகின்றன என்றால் காரணம் ரூட்டரில் இருக்கும். பழைய இன்டெல் டிரைவர்களுக்கு வைஃபை 6 ரூட்டர் அனுப்பும் அறிவிப்பு புரிவதில்லை. அந்தக் கார்டுக்கான கடைசி விண்டோஸ் 7 டிரைவரைப் போடுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் ரூட்டர் அமைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மட்டும் 11ஏஎக்ஸ் (வைஃபை 6) முறையை நிறுத்துங்கள். பெயர் தெரிந்தும் பாஸ்வேர்டு ஏற்கவில்லையென்றால் டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறை காரணமாக இருக்கலாம். விண்டோஸ் 7-க்கு அது தெரியாது. கெஸ்ட் நெட்வொர்க் ஒன்றை டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று வைத்து இந்தக் கம்ப்யூட்டரை அதில் இணையுங்கள்.

ஐஎன்எஃப் கோப்பைத் திருத்துவது

உங்கள் சிப்பின் குடும்பத்துக்கு விண்டோஸ் 7 டிரைவர் இருக்கிறது, ஆனால் உங்கள் மாடல் எண் அதில் இல்லை. அல்லது வேறு கம்பெனி லேப்டாப்புக்கென்று பூட்டி வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டு நிலைமைக்குத்தான் இந்த வேலை பொருந்தும்.

டிரைவரை எந்தச் சாதனத்துக்கு எப்படி நிறுவ வேண்டும் என்று சொல்லும் எழுத்துக் கோப்புதான் ஐஎன்எஃப் (.inf). டிரைவர் கோப்புறையை முழுதாகக் காப்பி எடுத்துவிட்டு, அந்தக் கோப்பை நோட்பேடில் திறங்கள். மேனுஃபேக்சரர் என்ற தலைப்பின் கீழுள்ள வரியில் எந்தெந்த விண்டோஸுக்கு இது என்று எழுதியிருக்கும். என்டிஏஎம்டி64.6.1 என்றால் விண்டோஸ் 7, 6.2 என்றால் 8, 6.3 என்றால் 8.1. 10.0 மட்டும் இருந்தால் அந்தக் கோப்பை அப்படியே மூடிவிடுங்கள். எண்ணை 6.1 என்று மாற்றினால் இன்ஸ்டாலர் ஏமாந்துவிடும், ஆனால் உள்ளே இருக்கும் சிஸ் (.sys) கோப்பு, அதாவது உண்மையில் ஓடும் டிரைவர், விண்டோஸ் 10-ல் மட்டுமே உள்ள செயல்களைக் கூப்பிடும். அவை இங்கே இல்லாததால் பிழை 39 வரும். எழுத்தைத் திருத்தி இதைச் சரிசெய்ய முடியாது.

6.1 பகுதி இருந்தால் அதற்குள் போங்கள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே பெயர், சமக்குறி, நிறுவும் பகுதியின் பெயர், காற்புள்ளி, ஹார்ட்வேர் ஐடி என்று இருக்கும். உங்கள் ‘டெவ்’ எண் இருந்து, அதன் பின் வேறு கம்பெனியின் ‘சப்சிஸ்’ ஒட்டியிருந்தால், சப்சிஸுக்கு முன்னுள்ள ஆம்பர்சேண்டு குறியிலிருந்து வரியின் கடைசிவரை அழித்துவிடுங்கள். உங்கள் எண்ணே இல்லையென்றால், எண்ணால் மிக நெருங்கிய சிப்பின் வரியை நகல் எடுத்து, டெவ் எண்ணை மட்டும் மாற்றுங்கள். ஒரே குடும்பத்துக்குள்தான் இது பலிக்கும். ஐ219-க்குள் இன்னொரு ஐ219 சேர்ப்பது சரி. ஐ219 கோப்பில் ஐ225-ஐச் சேர்ப்பது வீண், அது வேறு சிப்.

சேமித்துவிட்டு ஹேவ் டிஸ்க் வழியாகப் போட்டால் சிவப்பு எச்சரிக்கைப் பெட்டி வரும். ஐஎன்எஃப்-ஐத் தொட்டதும் கேட் (.cat) கோப்பில் உள்ள கையொப்பம் பொருந்தாமல் போவதால் வருவது அது. ‘இன்ஸ்டால் எனிவே’ என்பதைக் கொடுங்கள். அடுத்து என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். சிஸ் கோப்பில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ் பாருங்கள். டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் என்ற டேப் இருந்தால் கையொப்பம் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கிறது, 64 பிட் விண்டோஸ் அதை ஏற்றுக்கொள்ளும், டிரைவர் எப்போதும்போல் ஓடும். அந்த டேப் இல்லையென்றால் கையொப்பம் கேட் கோப்பில் மட்டும்தான் இருந்தது, நீங்கள் அதை முறித்துவிட்டீர்கள், பிழை 52 வரும். பூட் ஆகும்போது எஃப்8 அழுத்தி, டிஸேபிள் டிரைவர் சிக்னேச்சர் என்ஃபோர்ஸ்மென்ட் கொடுத்தால் அந்த ஒரு முறை மட்டும் ஓடும். டிரைவர் பொருந்துகிறதா என்று சோதிக்க அது போதும். தினமும் எஃப்8 அழுத்தி நடத்துவது நடைமுறைக்கு ஒத்துவராது, கையொப்பம் உள்ளே இருக்கும் வேறு பதிப்பைத் தேடுங்கள்.

எங்கே தடுக்கிறது என்று தெரியவில்லையென்றால் சி டிரைவ், விண்டோஸ், இன்ஃப் கோப்புறையில் செட்டப்ஏபிஐ.டெவ்.லாக் என்ற கோப்பைத் திறந்து, கடைசியிலிருந்து மேலே போய், மூன்று ஆச்சரியக்குறியோடு தொடங்கும் வரிகளைப் பாருங்கள். நிறுவலின்போது எழுந்த பிழைகள் அவைதான்.

சத்தம்

நெட்வொர்க்கில் ஒரே சிப், ஒரே டிரைவர். சத்தத்தில் இரண்டு படி. சிப்செட்டுக்குள் ஒரு கன்ட்ரோலர், அதன் மறுமுனையில், டிஜிட்டல் தரவை ஒலியாக மாற்றும் ரியல்டெக் போன்ற கோடெக் சிப். கன்ட்ரோலர் எழும்பினால்தான் கோடெக் இருப்பதே விண்டோஸுக்குத் தெரியும். ரியல்டெக் இன்ஸ்டாலரை எத்தனை முறை ஓட்டியும் பலன் இல்லை என்கிறவர்களுக்கு முதல் படியே பெரும்பாலும் சரியாக இருப்பதில்லை.

டிவைஸ் மேனேஜரில் சிஸ்டம் டிவைசஸ் பகுதியில் ஹை டெஃபினிஷன் ஆடியோ கன்ட்ரோலர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதல் படி சரி. இல்லாமல், அதர் டிவைசஸ் பகுதியில் மல்டிமீடியா ஆடியோ கன்ட்ரோலர் என்று மஞ்சள் குறியோடு இருந்தால், அதன் ஹார்ட்வேர் ஐடி வரிகளின் கடைசியில் ‘சிசி’ (CC) என்பதற்கு அடுத்த நான்கு இலக்கம் என்ன என்று பாருங்கள்.

0403 என்றால் அது வழக்கமான முறை. லெட் மீ பிக், சிஸ்டம் டிவைசஸ், மைக்ரோசாஃப்ட், ஹை டெஃபினிஷன் ஆடியோ கன்ட்ரோலர் என்று கொடுங்கள். சில நொடிகளில் கோடெக்குகள் புதிய சாதனங்களாக முளைக்கும்.

0401 என்றால் இன்டெல்லின் ஸ்மார்ட் சவுண்டு என்ற தனிச் செயலி நடுவில் உட்கார்ந்திருக்கிறது. 6-ஆம் தலைமுறைக்குப் பிந்தைய லேப்டாப்களில் இது அதிகம். மைக்ரோசாஃப்டின் பொது டிரைவரை அதன் மேல் திணித்தால் பிழை 10-ல் நிற்கும். பயாஸில் ஆடியோ டிஎஸ்பி என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறதா என்று தேடுங்கள். டிஸேபிள் செய்துவிட்டு வந்தால் அதே சாதனம் 0403 ஆகத் தெரியும். ஆப்ஷன் இல்லையென்றால் உள் ஸ்பீக்கரை மறந்துவிட்டு, கீழே சொல்லும் யூஎஸ்பி சவுண்டு கார்டுக்குப் போங்கள்.

கோடெக் தெரிந்த பிறகு, அதன் ஐடியில் 10இசி-க்கு அடுத்து 0269 என்றிருந்தால் ஏஎல்சி269, 0887 என்றிருந்தால் ஏஎல்சி887. விண்டோஸ் 7-க்குள் உள்ள ஹை டெஃபினிஷன் ஆடியோ டிவைஸ் என்ற பொது டிரைவரே பெரும்பாலானவற்றை ஓட்டிவிடும். முதலில் அதில் சத்தம் கேட்டுவிட்டு, தேவையென்றால் மட்டும் ரியல்டெக்கின் ஆர்2.82 தொகுப்பைப் போடுங்கள், அது விண்டோஸ் 7-ஐ ஆதரிக்கிறது. புதிய ரியல்டெக் டிரைவர்கள் விண்டோஸ் 10-க்கு மட்டும். 8086 என்று ஒரு கோடெக் தெரிந்தால் அது எச்டிஎம்ஐ சத்தம், கிராபிக்ஸ் டிரைவரோடு வருவது; ஸ்பீக்கருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் டீஃபால்ட் பிளேபேக்காக அது போய் உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரை ஊமையாக்கும் வழக்கம் உண்டு. ஸ்பீக்கர் ஐகானில் ரைட் கிளிக், பிளேபேக் டிவைசஸ், ஸ்பீக்கரைத் தேர்ந்து செட் டீஃபால்ட் கொடுங்கள்.

ஹெட்ஃபோனில் கேட்கிறது, லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்கவில்லை என்றால், ஸ்பீக்கருக்கு முன் தனி ஆம்ப்ளிஃபையர் சிப் இருக்கலாம். கம்பெனியின் டிரைவர்தான் அதை எழுப்பும். பொது டிரைவருக்கு அந்தச் சிப் இருப்பதே தெரியாது.

யூஎஸ்பி சவுண்டு கார்டு வாங்கும்போது யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் 1 வகையா என்று பாருங்கள். விண்டோஸ் 7-க்குள் இருக்கும் டிரைவர் அதை மட்டுமே அறியும். கிளாஸ் 2-க்கான டிரைவர் விண்டோஸ் 10-ன் 1703 பதிப்பில்தான் வந்தது. சி-மீடியா சிஎம்108 சிப் உள்ள எளிய டாங்கிள் போதும், செருகியதும் பேசும். ப்ளூடூத் ஹெட்ஃபோனை நம்பாதீர்கள். விண்டோஸ் 7-ன் சொந்த ப்ளூடூத்தில் பாட்டு அனுப்பும் வசதி இல்லை.

எல்லாம் ஓடிய பிறகு

வேலை செய்த டிரைவர் கோப்புறைகளையும் திருத்திய ஐஎன்எஃப்-ஐயும் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பாதுகாப்பு அப்டேட் வராத கம்ப்யூட்டர் இது. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை பரவியபோது உள்ளே நுழைந்த ஓட்டையை அடைக்கும் கேபி 4012212-ஐக் கண்டிப்பாகப் போடுங்கள். மெஷின் அறைக்கும் டிசைன் கம்ப்யூட்டருக்கும் நடுவே கோப்பு போய் வந்தால் போதும், இணையம் வேண்டாம் என்றால், ஐபிவி4 அமைப்பில் ஐபி முகவரியையும் சப்நெட் மாஸ்க்கையும் கையால் கொடுத்து, டீஃபால்ட் கேட்வே கட்டத்தைக் காலியாக விடுங்கள், ஐபிவி6 டிக்கை எடுத்துவிடுங்கள். உள் நெட்வொர்க் வேலை செய்யும், வெளியே போகாது. கேட்வே இல்லாததால் விண்டோஸ் அதை அடையாளம் தெரியாத நெட்வொர்க் என்று சொல்லி, பப்ளிக் என வகைப்படுத்தி, மற்ற கம்ப்யூட்டர்கள் இதன் ஷேரைத் திறக்க விடாது. புரொஃபஷனல் பதிப்பில் லோக்கல் செக்யூரிட்டி பாலிசி, நெட்வொர்க் லிஸ்ட் மேனேஜர் பாலிசிஸ், அன்ஐடென்டிஃபைடு நெட்வொர்க்ஸ் என்று போய் லொகேஷன் டைப்பை பிரைவேட் ஆக்கினால் ஷேர் திறக்கும்.